ரப்புவுக்கு வீடு எங்கே?

பக்கத்து வீட்டுக் காதல் நமக்குப் பழகிப்போன கதை. 1952-ல் வங்காளத்தில் ‘பாஷேர் பாரி’ என்று படமாக வந்தது. அடுத்த வருசமே தெலுங்கில் எடுத்தார்கள். 1960-ல் தமிழில் ‘அடுத்த வீட்டுப் பெண்’. 1968-ல் இந்தியில் ‘படோசன்’. நாலு மொழியிலும் ஒரே சங்கதிதான். இந்த வீட்டு ஜன்னலில் பாடத் தெரியாத ஓர் ஆண், எதிர் ஜன்னலில் பாட்டில் மயங்கும் ஒரு பெண். பாடத் தெரிந்த நண்பன் பின்னால் ஒளிந்துகொண்டு பாட, இவன் வாயசைக்கிறான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் டிவியில் பார்த்துச் சிரித்தவள்தான். அந்த ரெண்டு ஜன்னலும் எப்படி எதிரெதிரே வந்தன என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது ஆங்கிலத்தில் பெண்ணைப் பெண் காதலிக்கும் நாவல்கள் தனி வகையாகவே வந்துகொண்டிருக்கின்றன. அதிலும் பக்கத்து வீட்டுக் கதைக்கு நல்ல கிராக்கி. கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கச்சி அப்படி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருத்தி சாமான்களை எடுத்த இடத்தில் வைக்கிறவள், மற்றவள் வீடு முழுக்க இறைத்துப் போடுகிறவள். ஒருத்திக்கு அமைதி வேண்டும், இன்னொருத்தி ராத்திரியில் பாட்டை அலற விடுகிறாள். நடுவில் ஒரே ஒரு சுவர். சண்டையில் ஆரம்பித்து, சமாதானத்துக்கு வந்து, காதலில் முடிகிறது. படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. பெண்ணைப் பெண் நேசித்தால் கடைசிப் பக்கத்தில் ஒருத்தி செத்தே ஆக வேண்டும் என்ற தலையெழுத்தை இந்த வகை நாவல்கள் தூக்கிப் போட்டுவிட்டன. அது சின்ன விசயமில்லை.

ஆனால் புத்தகத்தை மூடி வைத்ததும் ஒரு விசயம் உறுத்தியது. இந்தக் கதை நடப்பதற்கு முதல் தேவை காதல் அல்ல, பொதுச்சுவர். ரெண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு கதவு, கையில் ஆளுக்கொரு சாவி. சண்டை போட்டாலும் யாரும் யாரையும் காலி பண்ணச் சொல்ல முடியாத நிலை. ‘பொருத்தமில்லாத பக்கத்து வீட்டுக்காரிகள்’ என்று சொல்கிறார்கள். அவர்களுக்குள் பொருத்தமில்லாதது குணம் மட்டும்தான். மற்றபடி தராசில் வைத்தால் ரெண்டு தட்டும் சமமாக நிற்கும். அந்தச் சமத்தை ஆசிரியர் உழைத்து உண்டாக்கவில்லை. கதை தொடங்கும்போதே அது தரையைப் போலக் கிடக்கிறது.

நம்ம ஊரில் அந்தத் தரை கிடையாது. ஊர் வேறு, சேரி வேறு. ஊரும் சேரியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், பக்கத்து வீடாக இருக்காது. இதை வெறும் கிராமத்து விசயம் என்று தள்ளிவிட வேண்டாம். தாம்பரம் இருக்கிற இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1891-ல் இங்கே கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழுகிற நிலம் இல்லை என்பது மட்டுமல்ல, குடிசை போட்டிருக்கிற மனை கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரன் நினைத்தால் கிளப்பி விடலாம் என்று அதில் சொன்னார். பஞ்சமி நிலம் அங்கிருந்துதான் வந்தது. அந்த நிலத்தை மீட்கப் போராடி 1994 அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். மனைக்காக உயிர் போன மாவட்டம் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு ‘அடுத்த வீடு’ என்ற சொல்லைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியுமா?

மின்சார ரயிலில் ஏறிப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்குள் “நீங்க எந்த ஊரு?” என்று அவர்கள் கேட்டுவிடுவார்கள். ஊரைச் சொன்னால் “அங்க எந்தத் தெரு?” என்பார்கள். அதற்கும் தப்பித்தால் “நான்வெஜ் சாப்பிடுவீங்களா?” கடைசியாக “பசங்க யாரும் வந்து போகக் கூடாது.” இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்துக்குள் ஆற்றோரமும் கடலோரமும் குடியிருந்த ஜனங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிய இடங்கள். நகரத்துக்குப் பக்கத்து வீடாக இருந்தவர்களை இருபது கிலோமீட்டர் தள்ளி வைப்பதற்கு அரசாங்கம் வைத்த பெயர் மறுகுடியமர்வு.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான், இந்தியாவில் பெண்-பெண் காதலைச் சொன்ன சில பிரதிகளை மறுபடி படித்தேன், பார்த்தேன். படிப்பதற்கு ஒரு கேள்வி துணையாகக் கிடைத்தது. அது என் கேள்வி அல்ல.

தாம்பரத்தில் ஒரு மொட்டைமாடியில் மாதத்துக்கு ஒருமுறை ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். மெப்ஸில் வேலை பார்ப்பவர்கள், நர்சிங் படிப்பவர்கள், ஒரு துப்புரவுத் தொழிலாளி அக்கா, நான். யாராவது ஒரு கதையைப் படித்துவிட்டு வந்து வாயால் சொல்ல வேண்டும். ஒரு தடவை நான் இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ கதையைச் சொன்னேன். 1942-ல் உருதுவில் வந்த கதை. ஆபாசம் என்று லாகூர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். கதையில் ஆபாசமான சொல் எது என்று காட்டச் சொன்னபோது ஒரு சொல்லைக் கூட எடுத்துக் காட்ட முடியவில்லை, வழக்குத் தோற்றது. நவாபுக்குப் பெண்டாட்டி மேல் நாட்டமில்லை. மாளிகைக்குள் வாடிப்போன பேகம் ஜானுக்கு உடம்பு பிடித்துவிட வருகிற ரப்பு என்ற வேலைக்காரிதான் உயிர் கொடுக்கிறாள். ராத்திரியில் ரஜாய்க்குள் நடப்பதன் நிழல் யானை மாதிரிச் சுவரில் ஆடுகிறது. அதைப் பார்க்கும் ஒரு சின்னப் பெண்ணின் வாயிலாகக் கதை போகிறது.

நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் ரஜாயைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். துப்புரவு வேலை பார்க்கும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “அதெல்லாம் சரி. அந்த ரப்புவுக்கு வீடு எங்க?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பப் போய்ப் படித்துப் பார்த்தேன். ரப்புவுக்கு ஒரு மகன் இருக்கிறான், அவனைப் பார்க்க அவள் ஒருமுறை போய்விடுகிறாள், அந்த நேரத்தில் பேகம் தவித்துப் போகிறாள். அவ்வளவுதான். பேகத்துக்கு மாளிகை இருக்கிறது, அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது. ரப்புவுக்கு இருப்பது பேகத்தின் கட்டில். பேகம் வெளுப்பு, ரப்பு கறுப்பு. பேகத்தின் தோல் பளபளப்பு, ரப்புவின் முகத்தில் அம்மைத் தழும்பு. உழைக்கிற கைகளின் சுறுசுறுப்பைக் கதை வியக்கிறது, அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியின் மனசுக்குள் ஒருமுறை கூடப் போகவில்லை. ரப்பு ஆசைப்பட்டாளா, சம்பளத்துக்குச் செய்தாளா, வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியுமா? சுக்தாய் 1942-ல் காட்டிய துணிச்சல் இன்றைக்கும் பலருக்கு வராது. அந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்கிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ரஜாய் மறைத்தது ரெண்டு உடம்புகளை மட்டுமல்ல, ஒருத்தியின் கூலியையும்தான்.

அடுத்தது தீபா மேத்தாவின் ‘ஃபயர்’. 1996-ல் எடுத்த படம். 1998 டிசம்பரில் சிவசேனாக்காரர்கள் பம்பாயிலும் டெல்லியிலும் தியேட்டர்களை உடைத்தபோது நாடு முழுக்கப் பேச்சானது. ராதாவும் சீதாவும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். கணவர்களால் கைவிடப்பட்ட அந்த ரெண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தின் அடுப்படியிலேயே தீ வைத்த படம் என்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அக்காவின் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் முண்டு என்று ஒரு வேலைக்காரன் இருக்கிறான். வாய் பேச முடியாத கிழவியின் எதிரில் அசிங்கம் பண்ணுகிறவனாக அவனைக் காட்டுகிறார்கள். கடைசியில் அந்தப் பெண்களைக் காட்டிக் கொடுக்கிறவனும் அவனேதான். ‘லிஹாஃபில்’ வேலைக்காரி காதலின் கருவி, ‘ஃபயரில்’ வேலைக்காரன் காதலின் ஒற்றன். எஜமான வீட்டுப் பெண்ணின் விடுதலைக் கதையில் நம்ம ஜனங்களுக்குக் கிடைப்பது இந்த மாதிரி வேசந்தான்.

இந்த ரெண்டிலும் காதல் நடப்பது பக்கத்து வீட்டில் அல்ல, ஒரே வீட்டுக்குள். இது தற்செயல் இல்லை. நம் நாட்டில் பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை வீடு. அந்த எல்லைக்குள் அவள் சந்திக்கக் கூடிய பெண்கள் ஒன்று சொந்தக்காரிகள், இல்லையென்றால் வேலைக்காரிகள். முதல் வகை ஒரே சாதி, ரெண்டாவது வகை கீழே நிற்பவள். சமமாகவும் வேறாகவும் இருக்கிற ஒரு பெண்ணைச் சந்திக்க இந்தக் கதாநாயகிகளுக்குத் தெருவே கிடையாது.

உண்மையிலேயே பக்கத்து வீட்டுக்காரிகளைக் காட்டிய படம் ஒன்று மலையாளத்தில் உண்டு. லிஜி புல்லப்பள்ளி எடுத்த ‘சஞ்சாரம்’, 2004. கிரண் இந்துக் குடும்பத்துப் பெண், டெலைலா கத்தோலிக்கப் பெண். சின்ன வயசிலிருந்து பக்கத்துப் பக்கத்து வீடு, கூடி விளையாடி வளர்கிறார்கள். டெலைலாவை விரும்பும் பையனுக்காகக் கிரண் காதல் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். நாம் பார்த்த ‘அடுத்த வீட்டுப் பெண்’ணின் வாயசைப்புத்தான் இதுவும். ஆனால் இங்கே குரல் கொடுக்கிறவளின் காதல் நிஜம். டெலைலாவுக்குக் கல்யாணம் நடக்கிறது. நீர்வீழ்ச்சியின் விளிம்பு வரை போன கிரண் சாகாமல் திரும்புகிறாள். அவள் திரும்பியதற்காகவே இந்தப் படத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டும். மதம் ரெண்டாக இருந்தாலும் ரெண்டு வீடும் தோட்டம் துரவுள்ள பழைய வீடுகள். மதத்தைத் தாண்டி வேலி போட முடிந்த இடம். சாதியைத் தாண்டி அந்த வேலி வருமா என்ற கேள்வி அந்தப் பச்சைக்குள் எழவே இல்லை.

ஆபா தவேசரின் ‘பேபிஜி’ நாவலுக்கு வருவோம். 2005-ல் ஆங்கிலத்தில் வந்து அமெரிக்காவில் விருதெல்லாம் வாங்கியது. மண்டல் கலவரம் நடந்த காலத்து டெல்லி. கதைசொல்லி அனாமிகா ஒரு பார்ப்பன வீட்டுப் பள்ளி மாணவி, கெட்டிக்காரி. அவள் மனசு சாய்கிற பெண்களில் ஒருத்தி, வீட்டு வேலைக்கு வரும் ராணி. பள்ளிப் பிள்ளையோடு வயசுக்கு வந்தவர்கள் உறவு கொள்வதை நாவல் இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. அது தனியாகப் பேச வேண்டிய விசயம். இங்கே நான் சொல்ல வருவது தலைப்பைப் பற்றி. ‘பேபிஜி’ என்பது வேலைக்காரி எஜமான வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும் விளி. நம்மூரில் தன்னைவிடச் சின்னப் பிள்ளையைப் பார்த்து ‘சின்னம்மா’ என்று எங்க பாட்டிமார்கள் கூப்பிட்டார்களே, அதேதான். ராணி தன்னைவிட வயசில் இளையவளை ‘ஜி’ போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கிறது. காதல் வந்த பிறகும் அந்த ‘ஜி’ விழவில்லை. அந்த மரியாதையையே அட்டையில் பெரிய எழுத்தில் போட்டு ஒரு காதல் புத்தகத்துக்குப் பெயராக்க முடிகிறது என்றால், எழுதுகிற கைக்கு அது உறுத்தவில்லை என்று அர்த்தம். வெளியே பிள்ளைகள் இடஒதுக்கீட்டுக்கு எதிராகத் தெருவில் நெருப்பு வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ‘ஜி’ அப்படியே இருக்கிறது. ராணிக்கு வீடு எங்கே என்றால், அவள் புருசனிடம் அடிபட்ட குடிசை ஒன்று, எஜமானர்கள் இடம் கொடுத்த மூலை ஒன்று. ரெண்டுக்கும் சாவி அவள் கையில் இல்லை.

“ஆனா தொடுறாங்களே அக்கா! மேல்சாதிப் பொண்ணு நம்ம பொண்ணத் தொடுறதே பெரிய விசயம் இல்லையா?” என்று அந்த மொட்டைமாடியில் ஒரு நர்சிங் மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. நம் ஆட்களில் சிலருக்கும் அந்த மயக்கம் இருக்கிறது. ஆனால் பண்ணையார் காலத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தீட்டு எல்லாம் பகலுக்குத்தான். நம் பெண்களின் உடம்பைத் தொடுவதற்கு ஆண்டைகளுக்கு ராத்திரியில் எந்தத் தீட்டும் குறுக்கே நின்றதில்லை. நம் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கத்தான் நின்றது. நம் பக்கத்தில் குடியிருக்கத்தான் நின்றது. அதனால் தொடுவதை வைத்துச் சாதி உடைந்ததா என்று அளக்க முடியாது. அடுத்த நாள் காலையில், விளக்கு வெளிச்சம் எல்லாம் போன பிறகு, இவள் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்று நாலு பேர் முன்னால் சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை.

எம்.ஏ. முடித்த கையோடு சானடோரியம் பக்கம் ஒரு போர்ஷனில் ரெண்டு வருசம் குடியிருந்தேன். கூட இருந்தவள் மெப்ஸில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். விழுப்புரம் பக்கத்து ஊர்த்தெருப் பெண். நான் அதே வட்டாரத்துச் சேரிப்பெண். வீடு பார்க்கப் போனபோது ஹவுஸ் ஓனர் அம்மா “ரெண்டு பேரும் யாரு?” என்றார். “அக்கா தங்கச்சிங்க” என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள். “நீங்க எந்த ஆளுங்க?” என்ற அடுத்த கேள்விக்கும் அவளே அவள் சாதியைச் சொன்னாள். ஆக, அந்த ரெண்டு வருசமும் நான் அவள் சாதியில் இருந்தேன். ரெண்டு பெண்கள் ஒரே பாயில் படுப்பதை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அக்கா தங்கச்சி என்றால் எல்லாக் கதவும் திறந்துவிடும். ஒரு பொய் ரெண்டையும் சேர்த்து மூடியது. அந்த நாட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு அப்போது தெரியாது. தமிழ் இலக்கியம் முழுக்கப் படித்திருந்தேன், தலைவியும் தோழியும் பற்றிப் பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதியிருந்தேன், இதற்கு ஒரு சொல் என்னிடம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சித்தி ஊரிலிருந்து வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊர்ப் பேரைச் சொன்னதும் எங்கள் தெரு அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் டீ போட எழுந்தபோது, “எதுக்கும்மா சிரமம், கடையில போயி பேப்பர் கப்புல வாங்கிட்டு வந்துடு, கழுவுற வேலை மிச்சம்” என்று அவளைப் பார்த்துச் சொன்னார். இப்போது இரட்டைக் குவளை எல்லாம் இல்லை என்கிறார்களே, அது பேப்பர் கப்பாக மாறி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. போய் வாங்கி வந்தாள். சித்தி கீழே இறங்கிப் போகும்போது ஓனர் அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் “போர்ஷன் எங்க சொந்தக்காரங்களுக்கு வேணும்மா” என்று சேதி வந்தது. நாங்கள் காதலித்தோமா என்று யாரும் கேட்கவே இல்லை. தையில் அவளுக்குக் கல்யாணம். அட்வான்ஸ் பணத்தில் என் பங்கை மட்டும் ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளை எழுதினால் எப்படி எழுதுவது என்று பத்து வருசமாகத் தெரியாமல்தான் இருந்தேன். நீரஜ் கெய்வானின் ‘கீலி புச்சி’யைப் பார்த்த ராத்திரிதான் ஏதோ பிடிபட்டது.

2021 ஏப்ரலில் ‘அஜீப் தாஸ்தான்ஸ்’ என்ற நாலு கதைத் தொகுப்புப் படத்தில் ஒன்றாக நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கெய்வான் தன்னை தலித் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் இயக்குநர். பார்தி மண்டல் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவள், ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். ஆபீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள், தகுதி இருந்தும் கிடைக்கவில்லை. அந்த நாற்காலியில் பிரியா சர்மா வந்து உட்காருகிறாள், கல்யாணமான பார்ப்பனப் பெண். ரெண்டு பேருக்கும் சினேகம் வளர்கிறது. பிரியா பேர் கேட்கும்போது பார்தி ‘பானர்ஜி’ என்கிறாள். சானடோரியத்தில் நான் ரெண்டு வருசம் சொன்ன பொய்யை அவள் ஒரு நொடியில் சொல்லிவிட்டாள். காதல் முற்றி, நம்பிக்கை வந்து, தன் அம்மா பிரசவம் பார்க்கும் தாய், நாங்கள் தலித் என்று அவள் வாயைத் திறந்து சொல்கிறாள். அவ்வளவுதான், பிரியாவின் முகம் மாறுகிறது. பிரியா வீட்டில் எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் டீ, பார்திக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். அங்கே அது எவர்சில்வர், இங்கே பேப்பர். பொருள்தான் வேறு, ஒதுக்குகிற கை ஒன்றே.

ரப்புவுக்கும் ராணிக்கும் கிடைக்காதது பார்திக்குக் கிடைத்திருக்கிறது. கேமரா அவள் பக்கம் நிற்கிறது. அவளுக்கென்று தொழில் இருக்கிறது, தனியாக வாழ்கிற தைரியம் இருக்கிறது, ஏற்கெனவே ஒருத்தியைக் காதலித்துப் பிரிந்த கதை இருக்கிறது. பாவப்படுவதற்காகப் படைத்த தலித் அல்ல. அவள் பழி வாங்குகிறாள். குழம்பி நிற்கும் பிரியாவுக்கு ‘குழந்தை பெற்றுக்கொள், எல்லாம் சரியாகும்’ என்று யோசனை சொல்லி, புகுந்த வீட்டாருக்கும் வேலையை விடச் சொல்லும் வழியைக் காட்டி, அந்த நாற்காலியைத் தனக்கு வாங்கிக்கொள்கிறாள். தியேட்டராக இருந்தால் விசில் பறந்திருக்கும். நானும் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

கைதட்டி முடித்த பிறகுதான் நெஞ்சு கனத்தது. பார்தி எந்த ஆயுதத்தை எடுத்தாள் என்று பாருங்கள். 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணம் என்று காட்டினார். சாதிக்குள் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் ஈடாக இருக்க வேண்டும், ஈடில்லாமல் மிஞ்சுகிற பெண்ணை என்ன செய்வது என்பதுதான் சாதியின் தலைவலி, உடன்கட்டையும் விதவைக் கோலமும் குழந்தை மணமும் அந்தத் தலைவலிக்குச் சாதி கண்டுபிடித்த மருந்து என்பது அவருடைய வாதம். அதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஆணே வேண்டாம் என்கிற பெண் சாதியின் கணக்கில் விழாத பெண். எரிக்கவும் முடியாது, மொட்டை அடிக்கவும் முடியாது, யாருக்காவது கட்டிக் கொடுத்துத்தான் தீர்க்கணும். பிரியா அப்படிக் கணக்குக்கு வெளியே வரப் பார்த்தவள். அவளைப் பிடித்து மறுபடி கணக்குக்குள் தள்ளி, இன்னொரு பார்ப்பனப் பிள்ளையைப் பெற வைத்தது பார்தியின் கை. நாற்காலி கிடைத்தது, சுவர் இன்னும் ஒரு வரிசை உயர்ந்துவிட்டது. கெய்வான் இதைத் தெரிந்தேதான் எடுத்திருக்கிறார். ஜெயித்தவளின் கையில் அந்த டம்ளர் அப்படியே இருக்கிறது. பார்தி செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வேறு வழி விட்டு வைத்திருந்தார்களா என்றுதான் கேட்க வருகிறது.

இதே காரணத்தால்தான் நம் இயக்கத் தோழர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இந்த விசயத்தை எடுத்தாலே “இதெல்லாம் மேல்சாதிக்காரங்க பொழுதுபோக்கும்மா, நமக்குச் சோத்துக்கே வழியில்ல” என்கிறார்கள். மேடையில் அகமணத்தை ஒழிப்போம் என்று முழங்கிவிட்டு இறங்கி வந்து, தங்கச்சி இன்னொரு பெண்ணோடு வாழணும் என்றால் வீட்டுக்குள் போட்டுப் பூட்டுகிற தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். அகமணத்துக்கு எதிராகக் கலப்பு மணம் மட்டும்தான் ஆயுதமா? மணமே வேண்டாம் என்று கிளம்புகிற பெண் அதே வேரில் வேறு பக்கமிருந்து வெட்டுகிறாள். அவளுக்குச் சேரியில் ஒரு குடிசை கொடுக்க நமக்கு மனசு வருமா? ஊர்த்தெரு நம்மைப் பக்கத்து வீடாக ஏற்கவில்லை என்று நூறு வருசமாகக் கேட்கிறோம். நம் தெருவில் அந்த ரெண்டு பெண்களைப் பக்கத்து வீடாக ஏற்போமா என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டாமா? பா. ரஞ்சித் 2022-ல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ எடுத்தபோது, ஆணவக் கொலையைப் பேசும் நாடகக் குழுவுக்குள்ளேயே பெண்ணைக் காதலிக்கும் பெண்ணுக்கும் இடம் வைத்தார். ரெண்டும் ஒரே மேடையில் பேச வேண்டிய சங்கதி என்று சொன்னதுதான் அந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

சட்டம் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணை அவள் விரும்பிய பெண்ணோடு போக அனுமதித்தது. கல்யாணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல, தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. நல்ல தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரெண்டு பெண்கள் தாம்பரம் ஸ்டேசனில் இறங்கி வீடு தேடினால் என்ன ஆகும்? கோர்ட்டு குடும்பம் என்று சொல்லிவிட்டது. புரோக்கர் “எந்த ஆளுங்க?” என்றுதான் கேட்பான். அதற்குத் தீர்ப்பில் பதில் இல்லை. இலக்கியத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

எனவே எழுதுகிற தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இங்கிலீஷ் நாவலைப் போல ஒரு பக்கத்து வீட்டுக் காதல் கதை தமிழில் எனக்கு வேண்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. எனக்கும் சுகமாகப் படிக்க ஆசையிருக்கிறது. ரெண்டு பெண்கள் துணி காயப்போடுகிற கொடிக்காகச் சண்டை போடட்டும். அடிபம்பில் யார் முதலில் குடம் வைத்தது என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளட்டும். கருவாட்டு வாசனைக்கு ஒருத்தி மூக்கைப் பிடிக்கட்டும், மற்றவள் வேண்டுமென்றே ஒரு கிண்ணம் குழம்பைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போகட்டும். கடைசியில் சேர்ந்தே இருக்கட்டும், யாரும் சாக வேண்டாம். ஆனால் கதை தொடங்குவதற்கு முன்னால் அந்தச் சுவர் எப்படிப் பொதுச்சுவர் ஆனது, அந்த வீட்டைச் சேரிக்காரி எந்தப் பேரைச் சொல்லி வாங்கினாள் என்பதையும் எழுதுங்கள். ‘அக்கா தங்கச்சி’ என்று பொய் சொல்லாமல் அவர்கள் எப்படிக் குடி வந்தார்கள் என்று எழுதுங்கள். அதை எழுதாமல் முத்தத்தை மட்டும் எழுதினால் மறுபடி ரஜாய்க்குள் தான் போவோம்.

போன மாதம் மொட்டைமாடிக் கூட்டத்தில் ‘கீலி புச்சி’ கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அக்கா என்ன கேட்கப் போகிறார் என்று பார்த்தேன். “அந்தப் பொண்ணு டீயைக் குடிச்சாளா?” என்றார். குடித்தாள் என்றேன். “குடிக்கட்டும். ஆனா டம்ளர அங்கயே கழுவி வெச்சுட்டு வரல இல்ல?” என்று கேட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார்.